பரம்பரைப் பெயர்

சில வருஷங்களுக்கு முன்பு கைத்தொழிலைப் பற்றி ஒரு பத்திரிகையில் எழுதியபோது, பரம்பரையாக ஒரே வேலையைச் செய்து வருகிறவர்களைக் கலைஞர்கள் என்று சொல்லக்கூடாது என்று எழுதிவிட்டேன். தாத்தா செய்ததை அப்பா செய்தார். அப்பா செய்ததைப் பிள்ளை செய்கிறான். இதில் திறமை இருக்கலாம், சிருஷ்டி கிடையாது என்பது என் கட்சி. எழுதி முடித்ததும் எனக்கே அது மிகவும் பிடித்திருந்தது. நமக்கு மிகவும் பிடித்துப் போகிற வாக்கியங்களைத்தான் மறுபடி ஒரு தடவை பார்க்கவேண்டும் என்பது இத்தனை வருஷம் எழுதியும் எனக்குப் படியாத பாடம்.

அந்த அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ள வைத்தவை ஜப்பானிய வர்ணப் பீங்கான்கள். அங்கே வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அழைத்ததன் பேரில் ஒரு இலையுதிர் காலத்தில் பன்னிரண்டு நாள் ஜப்பானில் இருந்தேன். அவ்வளவு தூரம் போய்விட்டுச் சட்டி பானையைப் பார்த்துவிட்டு வந்ததாக என் மனைவி இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதற்கு முன்பு ஹைதராபாத் சாலார் ஜங் மியூசியத்தில் ஜப்பானியப் பகுதியைத் தாண்டிப் போனது உண்டு. சிவப்பும் நீலமும் தங்கமும் அப்பிய ஜாடிகள். பணக்கார வீட்டுக் கூடத்தில் வைக்கிற சாமான் என்று நினைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன். தாண்டிப் போனதைத்தான் பார்த்ததாக எண்ணிக்கொண்டு அந்தக் கட்டுரையை எழுதியிருக்கிறேன் என்பது பிறகு விளங்கியது.

முதலில் விஷயம் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். கியூஷூ தீவில், சாகா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிற ஊர் அரிதா. நம்முடைய குயவர் குளத்து மண்ணை எடுத்துப் பிசைவார். அரிதாவில் எடுப்பது மண் அல்ல, கல். வெள்ளைக் கல்லை இடித்து, நீரில் கரைத்து, தெளியவைத்து, அடியில் தங்குகிற வண்டலைப் பிசைந்தால்தான் பீங்கானுக்கு வேண்டிய களி கிடைக்கும். அதைச் சக்கரத்தில் வனைந்து, காயவைத்து, இளஞ்சூட்டில் ஒருமுறை சுட்டு, நீலம் வேண்டுமானால் கோபால்ட்டைக் குழைத்து அப்போதே கோலம் போட்டுவிடவேண்டும். அதன்மேல் மெருகைப் பூசி 1300 டிகிரி சென்டிகிரேடுக்குப் பக்கத்தில் சுடுகிறார்கள். கல் கண்ணாடியாகிற சூடு அது. அந்தச் சூட்டைத் தாங்குகிற நிறங்கள் மிகச் சில. ஆகையால் சிவப்பு, பச்சை, மஞ்சள் எல்லாவற்றையும் மெருகின் மேல் தீட்டி, 800 டிகிரி அளவில் மறுபடியும் சுடவேண்டியிருக்கிறது.

கல்லூரியில் இரண்டு வருஷம் ரசாயனம் படித்துவிட்டு விட்டவன் நான். இந்த எனாமல் பூச்சு என்பது கண்ணாடிப் பொடியும் உலோகச் சத்தும் கலந்த கலவை என்று கேட்டதும், மறந்துபோன பாடம் திரும்பி வந்தது. சிவப்புக்கு இரும்பு, பச்சைக்குச் செம்பு, ஊதாவுக்கு மாங்கனீஸ். ஆனால் படித்தபோது தெரியாத ஒன்று இங்கே தெரிந்தது. தீட்டுகிறபோது கண்ணுக்குப் படுகிற நிறம் ஒன்று. சூளையிலிருந்து வெளியே வருகிற நிறம் வேறொன்று. தீட்டுகிறவர் இல்லாத நிறத்தை மனத்தில் வைத்துக்கொண்டு தீட்டுகிறார். அச்சில் வரப்போகும் கதையைக் கைப்பிரதியில் பார்க்கிற எங்களுக்கு இதில் கொஞ்சம் பழக்கம் உண்டு. ஆனால் எங்களுக்கு அடித்து எழுத இடம் இருக்கிறது, அவருக்கு இல்லை.

இந்தத் தொழில் அரிதாவுக்கு வந்த கதை அழகான கதை அல்ல. 1592லும் 1597லும் ஹிதேயோஷி கொரியாவின் மேல் படையெடுத்தார். திரும்பி வந்த பிரபுக்கள் கொரியக் குயவர்களைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் யி சாம்பியோங். அவர் 1616ஆம் வருஷத்தை ஒட்டி இசுமியாமா என்ற மலையில் பீங்கான் கல்லைக் கண்டுபிடித்ததாக ஊரார் சொல்லும் வரலாறு. அந்த ஊர்க் கோயிலுக்குப் பீங்கானாலேயே தோரண வாயில் இருக்கிறது, 1888இல் வைத்தது. கோயிலுக்கு மேலே குன்றின்மேல் அந்தக் கொரியருக்கு 1917இல் ஞாபகத் தூண் நட்டிருக்கிறார்கள். சிறைபிடித்து வந்தவனுக்கு முந்நூறு வருஷம் கழித்துத் தூண். இசுமியாமாவைப் போய்ப் பார்த்தேன். மலை இருந்த இடத்தில் மஞ்சளும் வெள்ளையுமாகப் பெரிய பள்ளம் இருக்கிறது. ஒரு மலையைத் தட்டாகவும் கிண்ணமாகவும் மாற்றி உலகத்துக்கு விற்றுவிட்டார்கள். இப்போது அரிதாவில் பெரும்பாலும் அமகுசாத் தீவுக் கல்லைத்தான் உபயோகிக்கிறார்கள்.

உலகத்துக்கு விற்றார்கள் என்றது அலங்காரமாகச் சொன்னது அல்ல. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் சீனாவில் மிங் வம்சம் கவிழ்ந்து, அங்கிருந்து பீங்கான் வருவது தடைப்பட்டது. நாகசாகியில் உட்கார்ந்திருந்த டச்சுக் கம்பெனி அரிதாவின் பக்கம் திரும்பியது. 1659இல் பெரிய அளவில் ஆர்டர் கொடுத்தது. சரக்கு இமாரி துறைமுகத்தின் வழியாகக் கப்பலேறியதால் ஐரோப்பாவில் அதற்கு இமாரி என்றே பெயர். சாக்ஸனி அரசர் அகஸ்டஸ் இந்தப் பீங்கான் பைத்தியம் பிடித்தவர். அவருடைய மெய்சென் தொழிற்சாலை 1710இல் ஆரம்பமாயிற்று. அங்கே செய்த முதல் வேலைகளில் ஒன்று அரிதாவின் பறவையையும் பூவையும் பார்த்துக் காப்பியடித்தது.

அந்தப் பறவையும் பூவும் காகியெமோன் என்ற குடும்பத்தின் பாணி. இந்தக் குடும்பத்தின் முதல்வர் 1640களில் மெருகின்மேல் வர்ணம் தீட்டும் வித்தையை ஜப்பானில் முதலில் சாதித்தவர் என்று சொல்வார்கள். காகி என்பது தக்காளியைப் போலச் சிவந்திருக்கும் ஒரு பழம். முற்றத்து மரத்தில் பழுத்த காகியின் நிறத்தைப் பீங்கானில் கொண்டுவர அவர் வருஷக்கணக்கில் விறகையும் பணத்தையும் எரித்தாராம். இந்தக் கதை ஜப்பானில் பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஏறியது. நாடகமாக மேடையிலும் ஏறியது. நாகசாகியில் ஒரு சீனரிடம் ஒரு வியாபாரி பணம் கொடுத்துக் கற்றுவந்த ரகசியம் என்று குடும்பத்துக்குள்ளேயே இன்னொரு வரலாறும் இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கிறது. கற்றுக்கொண்டது என்று ஒப்புக்கொள்வதில் குறைவு என்ன இருக்கிறது? ஆனாலும் அந்த வீட்டு முற்றத்தில் காகி மரம் நிற்கிறது. நான் போனபோது பழுத்தும் இருந்தது. கதை பொய்யென்று தெரிந்தவனும் நின்று பார்க்கத்தான் செய்வான்.

காகியெமோன் தட்டில் முதலில் கண்ணில் படுவது சிவப்பு. கொஞ்ச நேரம் பார்த்த பிறகு சிவப்பு ஒதுங்கி வெள்ளை முன்னால் வருகிறது. தட்டின் பெரும்பகுதி காலி. ஒரு ஓரத்திலிருந்து ஒரு கிளை நுழைகிறது, தினைக்கதிரின் கீழே இரண்டு காடைகள் மேய்கின்றன, அவ்வளவுதான். மிச்சமெல்லாம் வெள்ளை. அந்த வெள்ளைக்கு நிகோஷிதே என்று பெயர். அந்தப் பக்கத்துப் பேச்சில் அரிசி களைந்த நீரின் நிறம் என்று பொருள். நாம் கழுநீர் என்கிறோமே, அதுதான். நீலச் சாயல் சிறிதும் இல்லாத, மங்கலான, கதகதப்பான வெள்ளை. சாதாரண அரிதாப் பீங்கானைப் பக்கத்தில் வைத்தால் அது லேசாக நீலம் பாரித்துத் தெரிகிறது.

இந்த வெள்ளை 18ஆம் நூற்றாண்டில் நின்றுபோய்விட்டது. சீனா மறுபடியும் கடலுக்கு வந்ததும் அரிதாவின் ஏற்றுமதி விழுந்தது. மூன்று விதக் கற்களைக் கலந்து செய்கிற இந்தக் களி சூளையில் அதிகமாகச் சுருங்கும், வெடிக்கும், சேதம் மிகுதி. வாங்குவார் இல்லாதபோது யார் இந்தப் பாடு படுவார்கள்? இருநூறு வருஷத்துக்கு மேல் காகியெமோன் என்ற பெயர் இருந்தது. அந்தப் பெயரைப் பெயராக்கிய வெள்ளை இல்லை. பன்னிரண்டாவது காகியெமோனும் அவர் மகனும் குடும்பத்திலிருந்த பழைய கலவைக் குறிப்பை வைத்துக்கொண்டு முயன்று 1953இல் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 1971இல் ஜப்பானிய அரசு அந்த வித்தையைக் கலாசாரச் சொத்தாக அறிவித்தது.

என் பழைய வாக்கியம் முதலில் ஆட்டம் கண்டது இந்த இடத்தில்தான். பரம்பரை என்றால் தகப்பன் கொடுக்க மகன் வாங்கிக்கொள்வது என்று நினைத்திருந்தேன். இந்தத் தகப்பனிடமோ கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அவருடைய தகப்பனிடமும் இல்லை. ஒரு காகிதக் குறிப்பும் உடைந்த பழைய சில்லும்தான் இருந்தன. பரம்பரை அறுந்துபோய்விட்டது என்று உணர்ந்தவர்கள்தான் அதைத் தேடினார்கள். நம்மிடம் எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்று நினைக்கிறவன் தேடமாட்டான்.

ஆனால் ஒரு குறையையும் சொல்லவேண்டும். மீட்டு வந்த வெள்ளையின் மேல் என்ன எழுதுவது? பழைய காடையையும் தினையையும் எழுதினால் மெய்சென்காரன் செய்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதைப் பதினான்காவது காகியெமோன் நன்றாக உணர்ந்தவர் என்று நினைக்கிறேன். 1934இல் பிறந்து 2013இல் காலமான அவர் கல்லூரியில் ஜப்பானிய ஓவியம் படித்தவர். மலைச் சரிவில் தானாக முளைக்கிற புல்லையும் பூவையும் போய் உட்கார்ந்து பார்த்து வரைந்துகொண்டு வந்து தட்டில் வைத்தார். சிலவற்றில் இது உயிரோடு நிற்கிறது. சிலவற்றில் பூ அதிகமாகிவிட்டது. வெள்ளை மூச்சுத் திணறுகிறது. இவ்வளவு சிரமப்பட்டு மீட்ட வெள்ளையைக் காலியாக விடுவதற்கு மனம் வராதது மனித சுபாவம். ஒரு நல்ல விஷயம் கிடைத்துவிட்டால் அதன்மேல் பத்துப் பக்கம் எழுதிக் கெடுக்கிற எனக்கு அவரைக் குற்றம் சொல்ல யோக்கியதை இல்லை; இருந்தாலும் கண்ணில் பட்டதைச் சொல்லாமல் விமர்சனம் எதற்கு?

அதே ஊரில் இன்னொரு வீடு இமாயெமோன் வீடு. காகியெமோன் வெளிநாட்டுக்குக் கப்பலேறியது என்றால், இவர்கள் தீட்டியது கடைக்கே வந்ததில்லை. நபேஷிமாப் பிரபுக்கள் ஷோகனுக்கும் மற்றப் பிரபுக்களுக்கும் காணிக்கை அனுப்புவதற்காக ஒகவாச்சி மலையில் தனிச் சூளை வைத்திருந்தார்கள். நீலத்தில் கோடு, அதற்குள் சிவப்பு, பச்சை, மஞ்சள். தட்டின் அடிவிளிம்பைச் சுற்றிச் சீப்புப் பற்களைப் போல நீலக் கோடுகள். ஒரே மாதிரித் தட்டுகள் பல வேண்டுமென்பதால் உருவை மெல்லிய தாளிலிருந்து கரியால் ஒற்றி எடுத்து வரைந்தார்கள். ஒன்றுக்கொன்று அணுவும் பிசகக்கூடாது. வர்ணம் தீட்டுவது மட்டும் அரிதாவில் சிவப்புத் தெரு என்று பெயர் கொண்ட தெருவில் இமாயெமோன் வீட்டில் நடந்தது. 1871இல் பிரபுக்களின் ஆட்சியே ஒழிந்தது. கேட்டு வாங்குபவர் போய்விட்டார். காணிக்கைப் பொருள் செய்து பழகிய கைகள் சந்தையில் வந்து நின்றன. பத்தாவது இமாயெமோன் சூளையும் தாமே வைத்துக்கொண்டு பாத்திரம் முழுவதையும் தம் வீட்டிலேயே செய்ய ஆரம்பித்தார்.

இந்த வீட்டில் நான் மிகவும் மதிக்கிறவர் பதின்மூன்றாவது இமாயெமோன். 1926இல் பிறந்தவர், 1975இல் பெயருக்கு வந்தவர், 2001இல் மறைந்தார். நபேஷிமா என்றால் துல்லியம். பளிச்சென்ற வெள்ளைத் தரை. இவர் அந்தத் தரையில் சாம்பல் நிறத்தை ஊதிவிட்டார். வர்ணத்தைத் தூரிகையால் பூசாமல் துளித்துளியாக ஊதிப் படியவைக்கிற முறை பழைய அரிதாவில் எப்போதோ இருந்து மறைந்திருந்தது. அதை எடுத்து, மங்கலான மைச் சாம்பலைத் தரையாக வைத்து, அதன்மேல் பூவை மலர்த்தினார். பார்த்ததும் எனக்கு விடிவதற்கு முன்னால் இருக்கிற வெளிச்சம் ஞாபகம் வந்தது. அந்தத் தரையில் பச்சையும் சிவப்பும் கத்தவில்லை, பேசுகின்றன. துல்லியமே பெருமையாக இருந்த வீட்டில் மங்கலை அனுமதிக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! 1989இல் அரசு அவரை உயிருள்ள தேசியப் பொக்கிஷம் என்று கௌரவித்தது. ஜப்பானில் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது; பொருளைப் பாதுகாப்பது போல வித்தை தெரிந்த மனிதரையும் பாதுகாக்கிறார்கள். 1955இல் முதல் தடவையாக அப்படிச் சிலரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

அவருடைய மகன் பதினான்காவது இமாயெமோன், 1962இல் பிறந்தவர், தகப்பனாரின் சாம்பலைத் தொடர்ந்திருக்கலாம். அதற்கு நல்ல பெயர் இருந்தது, விலையும் இருந்தது. அவர் எடுத்துக்கொண்டது வேறு. பழைய நபேஷிமாத் தட்டுகளில் பூவுக்குப் பின்னால், யாரும் கவனிக்காத இடத்தில், நீலத் தரையில் மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஓடும். அது எப்படி வந்தது என்றால், முதலில் மையால் கோலம் போடுவார்கள். மையில் உள்ள வஜ்ஜிரம் மேலே பூசுகிற நீலத்தை ஒட்டவிடாமல் தள்ளும். சூளையில் மை எரிந்துபோகும். அது இருந்த இடம் வெள்ளைக் கோடாக நிற்கும். சுமிஹாஜிகி என்று பெயர். பின்னணிக்கு மட்டும் உபயோகமான இந்தச் சின்ன உத்தியை அவர் முன்னணிக்குக் கொண்டுவந்தார். பெரிய ஜாடி முழுவதும் பனித்துகளின் உருவங்களாக, எழுதாமல் எழுதிய வெள்ளைக் கோடுகள். மேலே அங்கங்கே பிளாட்டினத்தின் மினுக்கம். 2014இல் இவருக்கும் அந்தக் கௌரவம் கிடைத்தது.

தகப்பனார் பரம்பரையிலிருந்து மறந்துபோன ஒன்றை எடுத்தார். மகன் கவனிக்காமல் விட்ட ஒன்றை எடுத்தார். இரண்டு பேரும் ஒரே பெட்டியைத்தான் திறந்தார்கள். பெரிய பெட்டியாக இருந்தால்தான் இது நடக்கும் என்பதையும் சொல்லவேண்டும். முந்நூற்றைம்பது வருஷத்துச் சாமான் இல்லாத வீட்டில் பிறந்தவன் என்ன செய்வான்?

அதற்குப் பதில் தொமிமோதோ கென்கிச்சி. 1886இல் நாராப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தார். குயவர் குடும்பம் அல்ல. தோக்கியோவில் கட்டட அலங்காரம் படித்தவர். லண்டனுக்குப் போய் வில்லியம் மாரிஸின் வேலைகளைப் பார்த்தவர். பெர்னார்ட் லீச்சின் நண்பராகி அவரோடு மண்ணில் கை வைத்தவர். ஐம்பது வயதில், 1936இல், வர்ணப் பூச்சைக் கற்றுக்கொள்வதற்காகக் குதானிக்குப் போய் உட்கார்ந்தார். 1955இல் முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த குயக் கலைஞர்கள் நால்வரில் ஒருவர். வர்ணப் பீங்கானுக்காக அந்தக் கௌரவம் பெற்ற முதல் மனிதர். 1963இல் காலமானார்.

இவர் தமக்கு ஒரு விதி வைத்துக்கொண்டார். கோலத்தைப் பார்த்துக் கோலம் போடக்கூடாது. செடியைப் பார், மலையைப் பார், வயல் வழியைப் பார், அதிலிருந்து உன் கோலத்தை நீயே எடு என்பது அதன் சாரம். நம் ஊரில் எந்த இலக்கியக் கூட்டத்திலும் கைதட்டல் வாங்கக்கூடிய கொள்கை. நாரா மாநிலக் கலைக்கூடத்தில் அவருடைய பாத்திரங்களைப் பார்க்கப் போனபோது நானும் கைதட்டுகிற மனநிலையில்தான் போனேன். அங்கே அவருடைய புகழ்பெற்ற நான்கிதழ்ப் பூவைப் பார்த்தேன். தம் வீட்டில் படர்ந்த ஒரு கொடியின் வெள்ளைப் பூவிலிருந்து எடுத்தது. அந்தப் பூவுக்கு ஐந்து இதழ். பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் இடம் விடாமல் பொருந்துவதற்காக நான்கு இதழாக்கினார். சிவப்புத் தரையில் தங்கமும் வெள்ளியுமாகப் பெட்டி முழுவதும், ஜாடி முழுவதும் அதே பூ. தங்கம் ஒரு சூட்டில் ஒட்டும், வெள்ளி வேறொரு சூட்டில் ஒட்டும். போகப்போக வெள்ளி கறுக்கும். வெள்ளியோடு பிளாட்டினம் கலந்து இரண்டையும் ஒன்றாகச் சுட அவர் வழி கண்டார். மிக நேர்த்தியான வேலை, சந்தேகமே இல்லை.

ஆனால் வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனபோது எனக்கு ஒரு சங்கடம் ஏற்பட்டது. முதல் தடவை பூவைப் பார்த்து எடுத்தார், சரி. இரண்டாம் தடவை? பத்தாம் தடவை? அப்போது அவர் பார்த்தது கொடியையா, தம்முடைய கோலத்தையா? பிறத்தியார் கோலத்தைப் பார்த்துப் போட்டால் அது காப்பி. தம் கோலத்தைத் தாமே பார்த்துப் போட்டால் அதற்குப் பெயர் பாணியா? விதியை வைத்தவரே விதியின் ஓரத்தில் நிற்கிறார். அவர் சார்பில் சொல்ல வேண்டியதும் உண்டு. ஒரு சின்னப் பூவைப் பத்தாயிரம் தடவை கையால் போடும்போது எந்த இரண்டும் ஒன்றாக இருப்பதில்லை. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் கை நடந்த தடம் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அவை பூவாகக்கூட இல்லாமல் வெறும் நெசவாகிவிடுகின்றன. இருந்தும் என் சங்கடம் முழுதும் தீரவில்லை.

தீராததற்குக் காரணம் அவர் அல்ல, நான். என் இரண்டாவது நாவலில் ஒரு பாட்டி வருகிறாள். என் சொந்தப் பெரிய பாட்டியைப் பார்த்து எழுதியது. வாசகர்களுக்குப் பிடித்துவிட்டது. பிறகு வந்த மூன்று நாவல்களிலும் அவள் வெவ்வேறு பெயரில் வந்துவிட்டாள். அதே வெற்றிலைப் பெட்டி, அதே இடக்கான பேச்சு. கடைசி இரண்டையும் எழுதும்போது நான் யாரையும் பார்க்கவில்லை. என் இரண்டாவது நாவலைப் பார்த்தேன். பரம்பரைக்காரர்களைத் திருப்பிச் செய்கிறவர்கள் என்று இளப்பமாக எழுதியவன், என் ஒருவனுக்குள்ளேயே நாலு தலைமுறைக் காப்பியை நடத்தியிருக்கிறேன்! நாராவில் அந்தக் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் இது உறைத்தது.

குதானி இன்னொரு விதமாகப் பாடம் சொல்கிறது. ஹோன்ஷூவின் மேற்குக் கரையில், இஷிகாவா மாநிலத்தில், 1655ஐ ஒட்டி அங்கே பீங்கான் தொடங்கியதாகவும், அரை நூற்றாண்டுக்குப் பிறகு நின்றுபோனதாகவும் வரலாறு. பழைய குதானி என்று சொல்லும் தட்டுகள் முரட்டு அழகு உடையவை. அடர்ந்த பச்சை, மஞ்சள், ஊதா, கருநீலம். காகியெமோனின் நாசூக்கு இவற்றில் இல்லை; தட்டு முழுவதையும் வர்ணம் விழுங்கியிருக்கும். 1824இல் யோஷிதாயா சூளை இந்தப் பாணியைத் திரும்பவும் எழுப்பியது. அங்கிருந்து இன்றுவரை தொடர்ச்சி இருக்கிறது. இதில் ஒரு வேடிக்கை. அரிதாவில் தோண்டிப் பார்த்தபோது பழைய குதானியைப் போன்ற சில்லுகள் அங்கே கிடைத்தன. பழைய குதானி என்று கொண்டாடியவற்றில் பெரும்பாலானவை அரிதாவிலேயே செய்தவை என்று பல அறிஞர்கள் இப்போது கருதுகிறார்கள். வழக்கு இன்னும் முற்றாக ஓயவில்லை. அந்தக் கட்சி உண்மையானால், குதானிக்காரர்கள் தங்கள் தாத்தா என்று நினைத்தவர் வேறு ஊர்க்காரர். அதனால் பேரன்கள் பொய்யாகிவிடுவார்களா?

ஆகமாட்டார்கள் என்பதற்குச் சாட்சி மூன்றாவது தொகுதா யசோகிச்சி. 1933இல் பிறந்து 2009இல் மறைந்தவர். பழைய குதானி வர்ணங்களின் சேர்மானத்தைத் தாத்தாவிடம் கற்றவர். எல்லோரும் பறவையும் மலையும் தீட்டிக்கொண்டிருக்க, இவர் உருவத்தையே விட்டுவிட்டார். கோடு கிடையாது; பூ கிடையாது. கருநீலம் நீலமாகி, பச்சையாகி, மஞ்சளாகிக் கரைகிறது. எங்கே ஒன்று முடிந்து மற்றொன்று ஆரம்பிக்கிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது. வழக்கமான எனாமல் சூட்டை மீறி, ஆயிரம் டிகிரிக்கு மேலே சுட்டு அவற்றை ஒன்றோடொன்று உருகவிட்டார். இஷிகாவாவில் ஒரு கண்காட்சியில் அவருடைய பெரிய தட்டு ஒன்றைப் பார்த்தேன். நடுவில் மஞ்சள் கிணறு போல ஒளி, சுற்றிலும் இரவு. பரம்பரையின் வர்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டு பரம்பரையின் படங்களை எல்லாம் இறக்கி வைத்துவிட்டார். இதைவிடப் பெரிய மீறல் இல்லை. இதைவிடப் பெரிய விசுவாசமும் இல்லை. 2010இல் அவருடைய மகள் நான்காவது யசோகிச்சியாகப் பெயரை ஏற்றார். ஆண்கள் வரிசையாக வாங்கிய பெயரை ஒரு பெண் வாங்கி, தன் சொந்த நிறங்களைத் தேடி உருக்கிக்கொண்டிருக்கிறார்.

இந்த வீடுகளில் தகப்பன் போனதும் மகன் தன் சொந்தப் பெயரை விட்டுவிட்டுப் பரம்பரைப் பெயரை ஏற்றுக்கொள்கிறான். முதலில் இது எனக்கு ஒரு விதச் சாவாகத் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. அந்தப் பெயர் ஒரு கடன். முன்னால் இருந்தவர்கள் செய்ததை அப்படியே செய்தால் கடன் வட்டியோடு வளர்கிறது. புதிதாக ஒன்றைச் சேர்த்தால்தான் கொஞ்சமாவது அடைகிறது. பெயர் புதிது, கை பழையது என்று இருக்கிற நம்மில் பலரை விட, பெயர் பழையது, கை புதிது என்று இருப்பது மேல்.

இதைச் சொல்லும்போதே வேறொன்றையும் சொல்லாவிட்டால் கணக்குச் சரியாகாது. இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் இல்லை. வனைபவர் ஒருவர், கோடு போடுபவர் ஒருவர், கோட்டுக்குள் நீலம் நிரப்புபவர் ஒருவர், மேல்வர்ணம் தீட்டுபவர் ஒருவர். தடித்த தூரிகையில் நீலத்தைத் தோய்த்துச் சிந்தாமல் நிரப்புகிற வேலை அரிதாவில் வழக்கமாகப் பெண்களுடையது. அந்தத் தூரிகை கோட்டைத் தாண்டாமல் நீரை நடத்திக்கொண்டு போவதைப் பார்த்தால் மூச்சை அடக்கிக்கொள்வோம். அந்த அம்மாளின் பெயர் தட்டின் அடியில் இல்லை. சிறைபட்டு வந்த கொரியர்களில் ஒருவர் பெயர் நமக்குத் தெரிகிறது, மற்றவர்கள் பெயர்? தொமிமோதோவுக்கு இந்த உறுத்தல் இருந்தது என்று நினைக்கிறேன். பல ஊர்ச் சூளைகளுக்குப் போய் அங்கே வனைந்த சாதாரணப் பாத்திரங்களில் வர்ணம் தீட்டினார். கடைசிக் காலத்தில் கியோத்தோவில் தம் மாதிரிகளைத் தொழிலாளர்களைக் கொண்டு மலிவாகச் செய்யவைத்து, தொமிசென் என்ற முத்திரையோடு தினசரி உபயோகத்துக்கு விற்றார். அவை நன்றாகவே இருக்கின்றன. இன்று அவற்றையும் பழம்பொருளாகச் சேகரிக்கிறார்கள் என்பதற்கு அவர் என்ன செய்வார்?

அரிதாவில் தெருவோரக் கடையில் நானும் ஒரு சின்னக் கிண்ணம் வாங்கினேன். சூளையில் சிவப்பு ஒரு பக்கம் சரியாக ஏறவில்லை. அதனால் விலை குறைவு. அடியில் பெயர் கிடையாது. வீட்டில் அதை அலமாரியில் வைக்க எடுத்துப் போனேன். அதற்குள் மனைவி அதில் உப்பைக் கொட்டி அடுப்பண்டை வைத்துவிட்டாள். ஏதோ சொல்ல வாயெடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டேன். செய்தவருக்கு ஆட்சேபம் இருக்காது.

புதிய நாவலில் அந்தப் பாட்டி மூன்றாவது அத்தியாயத்தில் வழக்கம்போல வந்து உட்கார்ந்திருந்தாள். அந்த அத்தியாயத்தை எடுத்துத் தனியே வைத்திருக்கிறேன், கிழிக்கவில்லை. எங்கள் தெருக் கடைசி வீட்டில் எண்பத்திரண்டு வயதில் ஒரு அம்மாள் இருக்கிறார். வெற்றிலை போடும் வழக்கம் அவருக்கு இல்லை. பேச்சும் அதிகம் கிடையாது. ஒரு வாரமாகச் சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்.